பேனல் மேல் ஒரு சேலை

காக்கை விரட்ட மாடிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மூன்றாவது சோலார் பேனல் மேல் சேலை.

பாதி காய்ந்திருந்தது. காற்றில் பறந்துவிடாமல் முனைகளைச் சட்டத்துக்கு அடியில் செருகி, சுருக்கம் எடுத்து, அழகாக விரித்திருந்தாள் மனைவி.

பக்கத்தில் துணிக்கொடி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. கிளிப்புகள்கூட வரிசையாக அதில்தான் இருந்தன.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

விடிந்ததும் பேனல் துடைக்க ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன். சோப்பு கூடாது, கறை படியுமாம். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இப்படிக் குளிப்பாட்டியதில்லை.

மின்வாரியத்து ஆட்கள் வந்து மீட்டரை மாற்றி, அரசு மானியமும் வங்கிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் மொட்டைமாடிதான். நாம் எடுப்பதும் நாம் கொடுப்பதும் ஒரே மீட்டரில் எப்படி ஏறுகிறது என்று விளக்காமல் யாரையும் கீழே விடமாட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களும் தப்பியதில்லை.

பேனல் மாட்டிய ஆள் சொல்லிவிட்டுப் போனதை அவளுக்கும் சொல்லி வைத்திருந்தார். ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் போதும், வரிசையே படுத்துவிடும்.

தெரிந்தே செய்திருக்கிறாள்.

முதல் தடவையும் இல்லை. ஆயுத பூஜையன்று எல்லாப் பேனலுக்கும் பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். கிரைண்டருக்கு வைத்தோம், இதற்கு மட்டும் வைக்காமல் விடுவதா என்றாள். மாசியில் இதன் மேல் வடகம் பிழிந்தாள்.

"கொடியில வடகம் காயுமுங்களா?"

அவர் கத்தினார்.

இப்போது குனிந்து சேலையின் ஒரு முனையை உருவினார்.

கீழே போன் அடித்தது. அவளுடைய போன்.

"சொல்லு சாமி."

மகன். புனேயிலிருந்து.

"கொறஞ்சிருக்கா? எனக்கென்னப்பா தெரியும். மேகமா இருக்கும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஈரோட்டு வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

சேலை முனை கையிலேயே இருந்தது.

பேனல் போடச் சொன்னதே அவன்தான். விண்ணப்பம், மானியம் எல்லாம் அங்கிருந்தபடியே பார்த்துக்கொண்டான். இங்கே வெயில் ஏற ஏற அங்கே அவன் போனில் கரண்டுக் கோடு ஏறுமாம்.

சந்தனம் பூசிய அன்று மத்தியானமும் போன் வந்தது. வடகம் பிழிந்த அன்றும் வந்தது. இரண்டு நாளும் அவர் கத்திக் களைத்துப் படுத்திருந்தார். தூக்கத்தினூடே அவள் குரல் கேட்டது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அன்றைக்குத் தோன்றவில்லை.

கீழே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கரண்ட் பேச்சு எப்போதோ முடிந்திருந்தது. பேத்திக்கு முன்பல் விழுந்தது, மருமகளின் புது ஆபீஸ், அவனுக்கு இடுப்பு வலி. நடுவில் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு நாளாகிவிட்டது.

தினமும் பார்த்தால்தானே குறைந்தது தெரியும்.

அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. கூப்பிடாவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

"அப்பாவா? மேல இருக்காரு. கூப்புடட்டுமா?"

அவர் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். முதல் படியில் கால் வைத்தும் விட்டார்.

"செரி சாமி. நீ வேலையப் பாரு."

வலித்தது.

ஆனாலும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அவன் போன் செய்துகொண்டிருந்த காலத்தில், நல்லாயிருக்கியா, சாப்ட்டியா, இந்தா அம்மாகிட்டப் பேசு. அவ்வளவுதான் பேச்சு. கேட்டுக் கேட்டு அவன் நேராக அம்மாவையே கூப்பிடப் பழகிவிட்டான். இவருடைய பட்டன் போனுக்கு இப்போது கேஸ் கம்பெனிக்காரர்கள்தான் செய்தி அனுப்புகிறார்கள்.

திரும்பிப் போனார். உருவிய முனையைச் சட்டத்துக்கு அடியில் மறுபடி செருகினார். நடுவில் விழுந்த சுருக்கத்தையும் நீவிவிட்டார்.

கீழே அவள் திட்டு வாங்கத் தயாராக நின்றிருந்தாள்.

"காப்பி இருந்தாக் குடு," என்றார்.

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். கோயிலுக்குப் போனை எடுத்துப்போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. டிவி பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அவர் பேப்பர் படித்தார்.

பிறகு துவைத்து மடித்து வைத்திருந்த எட்டு முழ வேட்டியை வாளியில் முக்கிப் பிழிந்து மாடிக்கு எடுத்துப் போனார். அவளுடைய சேலையைவிடச் சின்னதுதான். ஆனால் மடிப்பில்லாமல் குறுக்காக விரித்ததில் இரண்டு பேனலை மூடியது. முனைகளை அவளைப் போலவே செருகினார்.

கீழே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுடைய போன் முன்னால் உட்கார்ந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லுப்பா," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொன்னார்.