பசை காயும் வரை

கிடாரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டை, ஒரே மாதத்தில் மூன்றாம் முறையாகப் பெயர்ந்து வந்திருந்தது. கொண்டுவந்த பெண் வாசலுக்குப் போனதும் ரிப்பேர்க்காரரின் மனைவி ஆரம்பித்தாள்.

“எல்லார் கிடாரும் ஒட்டுது, இவளோடது மட்டும் ஒட்டாதா?”

“யாரோ சூடு காட்டிப் பேர்க்கறாங்க” என்றபடி அவர் பசை தடவி, கிளாம்ப்பை இறுக்கினார். “ரெண்டு நாள் காயணும்.”

“உங்களைப் பார்க்க வர்றதுக்குத்தான் பேர்க்கறா!”

ஓடிப்போய் அவளை வாசலிலேயே மடக்கினாள். “உண்மையைச் சொல்லுங்க.”

“நான்தாங்க, ஹேர் டிரையரால பேர்த்தேன். வீட்டுக்காரர் புதுசா கத்துக்கறார். விடிஞ்சா போதும், டொய்ங் டொய்ங்னு உயிரை வாங்கறார். பசை காயற ரெண்டு நாள்தான் எனக்கு நிம்மதி.”

உள்ளே ரிப்பேர்க்காரர் தன் கிடாரை எடுத்து, வழக்கம்போல் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். “எத்தனை நிமிஷம் சூடு காட்டணும்?”