திங்கட்கிழமைக்குள் ஒரு ஸ்டெதாஸ்கோப்

“டாக்டரம்மாவுக்கு எந்த கலர் வேணும்?”

மருத்துவக் கருவிக் கடைக்காரர் அப்படிக் கேட்டதும் அவளுக்குக் காதுமடல்வரை சிவந்துவிட்டது. அந்தப் பெயரில் யாரும் அவளைக் கூப்பிட்டதே இல்லை. கூட வந்திருந்த அண்ணனோ, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதுபோல் நிமிர்ந்து நின்றான்.

திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி. இத்தனை நாளும் புத்தகத்தில் பார்த்த உடம்பை இனி உயிரோடு தொட்டுப் பார்க்கப்போகிறாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

சின்ன டார்ச்சை எடுத்து அண்ணனின் தொண்டைக்குள் அடித்தாள். ரப்பர் தலை வைத்த சுத்தியலால் அவன் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு. லிஃப்ட் மெக்கானிக்கான அவனுடைய கனத்த கால் தானாகத் துள்ளி, கடைக்காரரின் ஸ்டூலை உதைத்துத் தள்ளியது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியாக ஸ்டெதாஸ்கோப். வந்ததே அதற்காகத்தான்.

கறுப்புக் குழாய் வைத்ததைக் காதில் மாட்டி, அண்ணனின் இடது மார்பில் வைத்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ நடப்பதுபோல் ஏதோ கேட்டது.

“இது வேணாம். சத்தமே வரல.”

நீலத்தை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். உள்ளேயிருந்து உசத்தியான ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார் கடைக்காரர். ஊஹூம்.

அவர் அதை வாங்கித் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். “ஜோரா கேக்குதேம்மா!”

அவளும் தன் நெஞ்சில் வைத்தாள். காது அதிர்ந்தது.

அப்படியென்றால் கோளாறு கருவியில் இல்லை. அவள் கையில்தான்.

கூடப் பிறந்தவனின் இதயத்தையே பிடிக்கத் தெரியாதவள், திங்கட்கிழமை பேராசிரியர் முன்னால் என்ன கிழிக்கப்போகிறாள்?

“இதயம்னு ஒண்ணு இருந்தாத்தானே கேக்கும்?” என்றான் அண்ணன், அவள் முகம் வாடியது பொறுக்காமல்.

அவள் சிரிக்கவில்லை. பாடத்தில் சொன்னபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மேலே. கீழே. நடு எலும்பின் ஓரம்.

அங்கே சத்தம் ஒரு துளி கூடியது.

சத்தம் போன பக்கமே போனாள். நடு எலும்பைத் தாண்டினாள்.

வலது மார்பில், கதவைப் படாரென்று திறந்ததுபோல், லப்-டப், லப்-டப்.

மூச்சு விடாமல் கருவியை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தாள். அங்கேதான் துடித்தது. விரலால் இடது விலாவுக்கு மேல் தட்டினாள். வலது பக்கம் இருக்கவேண்டிய கல்லீரல், அங்கிருந்து மந்தமாகப் பதில் சொன்னது.

“அண்ணா! உனக்கு ஹார்ட் வலது பக்கம்!” கடை அதிரக் கத்தினாள். “எல்லாமே பக்கம் மாறியிருக்கு! ஐயோ, என் கையில ஒரு கோளாறும் இல்ல!”

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. “உசுருக்கு ஏதும்…”

“ஒண்ணும் ஆகாது. கண்ணாடில பாக்கற மாதிரி, அவ்வளவுதான். ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்துடுவோம்.”

அவன் அவசர அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போட்டான்.

“அதுக்கு ஊசி போடுவாங்களா?”

சின்ன வயதிலிருந்தே ஊசிக்குப் பயந்து, ஒரு டாக்டரையும் தன் நெஞ்சில் கைவைக்க விடாதவன் அவன்.

அவள்தான் முதல் ஆள்.