முந்திக் கட்டிய தூளி

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு அஞ்சலை உத்தரத்தில் தூளி கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பக்கத்து லயத்து வீட்டு வீராயி உள்ளே ஓடிவந்தாள்.

"அடிப்பாவி! பிள்ளை பொறக்கறதுக்கு முந்தி யாராச்சும் தூளி கட்டுவாளா? ரெண்டைப் பறிகொடுத்தது போதாதா?"

"கட்டி வெச்சாத்தானேக்கா வந்ததும் போடலாம்!"

வீராயி அவள் வயிற்றைப் பார்த்தாள். கர்ப்பமாக இருந்தாலும் மூன்று மாதம்கூட இருக்காது. அதற்குள் வசம்பு, விளக்கெண்ணெய், பாலாடை, டின் பால் எல்லாம் அடுப்படியில் தயாராக இருந்தன.

"எப்போடி நாளு?"

"இன்னைக்குச் சாயங்காலம்க்கா."

இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று வீராயி பயந்து நிற்கும்போதே, சுங்கை சிப்புட் ஊரிலிருந்து கீரை கொண்டுவந்து விற்கும் சீனர் ஆ லோக் கூடையோடு வாசலுக்கு வந்தார். கூடையில் கீரை இல்லை. சிவப்புத் துணிக்குள் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் மலாய் மொழியில் ஏதோ சொன்னார். சிவப்புத் துணியை இழுத்துப் போர்த்திவிட்டார்.

"என்னடி சொல்றாரு?"

அஞ்சலை தயங்கினாள். "அவரு பொண்ணுதான்க்கா. இது அவங்களுக்குப் புலி வருசமாம். இந்த வருசம் பொறந்த பொண்ணு வீட்டுக்கு ஆகாதுன்னு அவரு ஆத்தா வெச்சுக்க மாட்டேங்குதாம். நமக்குச் சம்மதமான்னு கடைசியாக் கேக்குறாரு. நீ சகுனம் பாக்குறவ. என்னக்கா சொல்றே?"

வீராயி கூடைப் பக்கம் குனிந்தாள். குழந்தையைத் தூக்கினாள். தூளி முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அதில் மெல்லக் கிடத்தினாள்.

"நம்ம தோட்டத்துக் கோயில்ல அம்மன் எது மேலடி உக்காந்திருக்கா? புலி மேலதானே!"