ஏழாவது நிமிடம்

எல்லோரும் சேர்ந்து நடத்தும் இணையப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கிடையாது. ஏதாவது ஒரு பாடத்தில் ஒரு குறையைத் திருத்தினால் பட்டம் கிடைக்கும். கோடிப் பேர் திருத்திவிட்டதால் இப்போது குறையே மிச்சமில்லை.

மூன்று வருடம் தேடி அலுத்த நிவேதனா, இறந்துபோன அம்மா நடத்தியிருந்த வேதியியல் காணொளிப் பாடத்தைத் திறந்தாள். ஏழாவது நிமிடத்தில் அம்மா, "இருங்க, பால் பொங்குது, அணைச்சிட்டு வரேன்" என்றாள்.

பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. நிவேதனா அதை வெட்டினாள். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

"அப்பா, பட்டம் வந்துடுச்சு."

"எதைம்மா திருத்தின?"

"சின்னதுதான்ப்பா."

அப்பா தலையாட்டினார். வழக்கம்போல அம்மாவின் பாடத்தைப் போட்டுவிட்டு அடுப்பில் பாலை வைத்தார். அம்மா சொல்லும்போது அடுப்பை அணைப்பதுதான் நாலு வருடமாக அவர் பழக்கம்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அம்மா நிற்காமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.