முதல் பீஸ்

இன்ஷூரன்ஸ் அதிகாரி ஷெட்டுக்குள் நுழைந்ததும், முதலாளி நாற்காலியில் இருந்தவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"பரவால்ல சார், ஓனரு நீங்க. உக்காருங்க" என்றார் அதிகாரி. ஃபிராங்க்ளின் என்று பெயராம். ஏரியாவுக்குப் புதுசு.

நாற்காலிக்காரர் உட்கார்ந்தார். விளிம்பில்தான். பஸ் வந்தால் ஓடிப் பிடிக்கிறவர் மாதிரி. சட்டை வேறு ஒரு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது.

பக்கத்தில் வலது கையில் பெரிய கட்டோடு நின்றவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஃபேன் என்னவோ அவர் தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? நான் எதிர்வீடு. ஷெட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை மரம் இருக்கிறது. பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்க யார் அனுமதியும் வேண்டாம். அதிகாரி வருகிற அன்றைக்குத்தான் பறிக்க வேண்டுமா என்று கேட்டால், ஆமாம், அன்றைக்குத்தான் ரசம்.

மற்ற ஆட்களுக்கெல்லாம் லீவு விட்டிருந்தார்கள். தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் மேல் சந்தனமும் குங்குமமும் இன்னும் அப்பியபடியே இருந்தன.

"பச்சைமுத்து?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்." கட்டுப் போட்டவரின் குரல், தண்ணீர் வராத குழாய் மாதிரி காற்றாக வந்தது.

"எப்படி ஆச்சு?"

"பூஜைக்கு, கை உள்ள போகாம தடுக்கற கம்பி வலைய கழட்டி வெச்சிருந்தோம் சார். மறுநா காலைல மாட்ட மறந்துட்டோம். மொத பீஸ்லயே..."

கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

பாவம்தான். இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் மிச்சமிருக்கிற விரல்களாவது மடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு இந்த ஃபிராங்க்ளின் போடுகிற கையெழுத்தை விட்டால் வேறு வழியில்லை.

போன வருஷம் இந்தக் கையெழுத்துக்கே வழியில்லை. அப்போது பாலிசியே கிடையாது. இதே பிரஸ்ஸில் வேலை பார்த்த மதலைமுத்துவுக்கு விரல் போயிற்று. "கை போனவன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று முதலாளி சேஷகிரி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மதலைமுத்து எதையோ திருடிவிட்டவன் போலக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடப் போனது பச்சைமுத்துதான்.

மதலைமுத்து லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுத்த பிறகுதான் சேஷகிரிக்கு ஞானம் பிறந்து, ஆட்கள் பேரில் பாலிசி எடுத்தார்.

அதிகாரி திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

"எதிர்வீடு சார்."

"இவங்கள தெரியுமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலிக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார். கட்டுப் போட்டவர் கண்ணையே மூடிக்கொண்டார். என் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் நாலு தெரு தாண்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

"நல்லாத் தெரியும் சார். பச்சைமுத்து தங்கமான ஆளு."

பொய் இல்லை. கை காட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி தலையாட்டிவிட்டு நாற்காலியைப் பார்த்தார். "கடைசியா ஒண்ணு சார். இந்தக் கையோட இவர மறுபடி வேலைக்கு வெச்சுக்குவீங்களா?"

இது அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொள்ளாத கேள்வி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் பீஸை முதலாளி தன் கையால் அடிக்க வேண்டும், அப்போதுதான் அந்த வருஷம் ஆர்டர் ஓடும் என்பது இந்த ஷெட்டின் ராசி. இந்த வருஷமும் அப்படித்தான் அடித்தார். ஆனால் அவர் எடுத்த பாலிசியில் ஆட்களின் விரலுக்குத்தான் இடம் உண்டு, முதலாளி விரலுக்கு இல்லை.

கட்டோடு நின்றுகொண்டிருந்தவர் சேஷகிரி. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்தான் பச்சைமுத்து.

பச்சைமுத்து அந்தக் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, அதிகாரி வந்ததிலிருந்து முதல் தடவையாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"கை போனவன வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?"

அதிகாரி எழுதிக்கொண்டார்.

சேஷகிரியின் கட்டுப் போட்ட கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.