முதல் கேள்வி

அரசு உதவி மையத்தில், மனுக்களை விசாரிக்கும் கணினித் திரையிடம் உதவி வேண்டுபவர் தானே பேசியாக வேண்டும். கூட வந்தவர் வாய் திறந்தால் மனு ரத்து. அதனால் இருதயராஜ் தன் மனைவி பிலோமினாவைப் பல வாரங்களாகத் தயார்படுத்தியிருந்தான். முதலில் டயாலிசிஸ் கேட்க வேண்டும், அடுத்துதான் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி. அழக் கூடாது. டயாலிசிஸ் கிடைக்காவிட்டால் அவள் அடுத்த மாதத்தைத் தாண்டமாட்டாள்.

வீங்கிய கால்களோடு அவள் திரைமுன் உட்கார்ந்தாள்.

"வணக்கம்மா. எப்படி இருக்கீங்க?" என்று திரை கேட்டது.

யார் கேட்டாலும் சொல்வதையே சொன்னாள். "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"மகிழ்ச்சி. உதவி தேவையில்லை என்று பதிவாகிவிட்டது. அடுத்த வருடம் வாருங்கள்."

இருதயராஜ் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கலையே," என்றாள் பிலோமினா, அணைந்துபோன திரையிடம்.