பட்டி வைத்த கார்

“முன்பக்கத்தையே மாத்தணுங்க. பட்டி வச்ச எடம் வெளிய தெரியக் கூடாது. பழைய வண்டியப் பார்த்தவங்க இப்போ பார்த்தா, இது வேற வண்டின்னு சொல்லணும்.”

சக்கரபாணி கையிலிருந்த செல்போனைக் கீழே வைத்தார். திண்டிவனத்தில் அவருடைய கார் பெயின்ட் கடைக்குப் பட்டி கேட்டு வருகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். இந்த ஆள் புதுசு. தூக்கம் இல்லாத கண்கள், நகக்கண்ணில் வெள்ளைத் தூள்.

“எங்கயாவது இடிச்சிட்டீங்களா?”

“நான் இடிக்கலீங்க.” அவன் பேச்சை மாற்றி, அலமாரியிலிருந்த டப்பாக்களைக் காட்டினான்.

“வெள்ளை வண்டிதானே?”

“ஆமாங்க, வெள்ளைதான்.”

சக்கரபாணி ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இது லேசான பட்டி. கீறல், ஊசித் துளைக்கு நல்லா இருக்கும். கனமா வச்சா காய்ஞ்சு சுருங்கி வெடிச்சிடும்.”

“எனக்கு மேடு தூக்கணுங்க. காய்ஞ்ச அப்புறம் அரம் போட்டு செதுக்கணும்.”

“அப்போ ஹார்டனர் கலக்குற பட்டிதான். ஜல்தியா இறுகிடும், கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்கங்க. பழைய பெயின்ட்ட சுத்தமா உரிச்சிட்டு வைக்கணும், இல்லன்னா ஒட்டாது. பெரிய டப்பாவா தரட்டுமா?”

“இருக்கறதுலயே சின்னது குடுங்க. போதும்.”

“காருக்கு அது எப்படிப் போதும்? வண்டிய இங்க கொண்டாங்களேன், நானே ஆள் வச்சுப் பண்ணித் தர்றேன்.”

அவன் அவசரமாகத் தலையாட்டி மறுத்தான். “வேணாங்க. வேலை முடியற வரைக்கும் அந்தக் காரு யார் கண்ணுலயும் படக் கூடாது.”

டப்பாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த சக்கரபாணி, தனக்குத் தெரிந்த ஏட்டு கிருஷ்ணசாமிக்குப் போன் போட்டார்.

“ஏட்டய்யா, ஓமந்தூர் ரோட்டுல ஒரு பொம்பளைய இடிச்சிட்டுப் போன கேஸு இருக்குதே, அதுல ஒருத்தன் மேல சந்தேகமா இருக்குது.”

“அது நம்ம ஸ்டேஷன் கேஸ் இல்ல. என்ன காரு, என்ன கலருன்னுகூட தெரியாம முழிச்சிக்கினு இருக்காங்க. நாம புடிச்சுக் குடுத்தா நமக்குத்தான் பேரு. ஆள் எங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கினு இருக்கான். அந்தப் பொம்பளைக்கு நெனவு வந்துடுச்சிங்களா?”

“அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? கடைய மூடிட்டு நீங்களும் வாங்க. ஆளை அடையாளம் காட்டணும் இல்ல?”

“நான் எதுக்குங்க? கடையில வேற ஆள் இல்ல...”

“பேஜாரு பண்ணாம வாங்க.”

பஸ்ஸுக்குக் காத்திருந்தவனின் தோளில் ஏட்டு கை வைத்தபோது அவன் முகம் வெளுத்துப்போனது. பெயர் ஆரோக்கியராஜ் என்றான்.

“காரு எங்கடா?”

“வீட்டுல இருக்குங்க சார். வேலை முடிஞ்சதும் நானே ஸ்டேஷனுக்குக் கொண்டாரலாம்னு இருந்தேன்.”

“பார்த்தீங்களா, அவனே ஒத்துக்கினான்” என்றார் ஏட்டு. பல நாளாக நெஞ்சில் கிடந்த கனம் இறங்கியதுபோல் சக்கரபாணி நீளமாக மூச்சு விட்டார்.

ஆட்டோ ஓமந்தூரில் ஒரு சின்ன ஷீட் வீட்டின் முன் நின்றது. மொபெட் நிறுத்தக்கூட அங்கே இடமில்லை. ஆரோக்கியராஜ் உள்ளே கூட்டிப்போய் ஒரு முக்காலியைக் காட்டினான்.

அதன்மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை உலோகக் கார். மூக்குப் பக்கம் முழுக்கப் பட்டி வைத்துத் தூக்கியிருந்தது.

“என்னடா, பொம்மையக் காட்டி வெளையாடுறியா?”

“இல்ல சார். இந்த மாதிரி சின்னக் காருங்கள உரிச்சு, பட்டி வச்சு, வேற மாடலா மாத்தித் தர்றதுதான் என் வேலை. அதோ, கட்டில்ல படுத்துக்கினு இருக்காளே, அவ என் சம்சாரம் இருதயமேரி. அவளத்தான் அந்தக் காரு இடிச்சுது.”

சுவரோரம் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த பெண்ணை ஏட்டு அப்போதுதான் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கிட்டு வந்துக்கினு இருந்தா சார். அவளுக்கு நெனவு திரும்பி கொஞ்ச நாள்தான் ஆவுது, காரு பேரெல்லாம் தெரியாது. ஆனா கண்ணுலயே நிக்குதுங்கறா. மூக்கு இன்னும் மேடு, வெளக்கு இன்னும் கீழன்னு அவ சொல்லச் சொல்ல நான் பட்டி வச்சு செதுக்கறேன். முக்காவாசி வந்துடுச்சு. அந்த வண்டிய எந்தக் கடையில சரி பண்ணாங்களோ தெரியாது, அதான் கடையில நான் வாய் தொறக்கல.”

ஏட்டு அந்தச் சின்னக் காரைக் கையில் எடுத்து, வாசல் பக்கம் திரும்பினார். “சக்கரபாணி, ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க. உங்களுக்குத் தெரியாத வண்டியா? இது என்ன காருன்னு சொல்லுங்க.”

சக்கரபாணி தலைகுனிந்தபடி உள்ளே வந்தார். காரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தெரியலீங்களே. இப்போ எல்லா காரும் இப்படித்தான் இருக்குது.”

இருதயமேரி முழங்கையை ஊன்றி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். அவள் காரைப் பார்க்கவில்லை, சக்கரபாணியின் முகத்தையே பார்த்தாள். கைநீட்டிப் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“காரை விடுங்க. அன்னிக்கு எறங்கி வந்து என்னப் பார்த்துட்டுப் போனது இவருதான்.”